பித்தக்கான் எண்டோஸ்கொபியும் இரத்தப்பெருக்கும்

சென்ற இதழில் பித்தப்பைக் கற்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "கல் பித்தப்பைக்குள் இருந்தால் சத்திரசிகிச்சை செய்து பையையே எடுத்துவிடுகிறார்கள். அது வெளியே வந்து குழாயில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வார்கள்? வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும்போது இரத்தம் போகும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. மற்றப் பாதியைக் குறைப்பது பெரும்பாலும் நோயாளியின் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அதனால் இந்த முறை அதைப் பற்றியே பார்ப்போம்.

முதலில் ஒரு சம்பவம். ஆளையும் ஊரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இங்கே பிரித்தானியாவில் நான் தாதியாக வேலை செய்த காலத்தில், அறுபத்தெட்டு வயதான ஐயா ஒருவர் மஞ்சட்காமாலையோடு வந்தார். ஸ்கானில் பித்தக்கானில் கல் இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்கு ஒரு கிழமைக்கு முன்பு வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, என்னென்ன குளிசைகள் எடுக்கிறார் என்று கேட்டார்கள். மருமகள் பேசினார். பிறசர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கொலஸ்ரரோல் குளிசை என்று மூன்றைச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவை அவ்வளவுதான். சிகிச்சை நாளன்று காலையில் ஐயா தன் உடுப்புப் பையிலிருந்து ஒரு சிறு பொதியை எடுத்து, "பிள்ளை, இதையும் இண்டைக்குப் போடலாமோ?" என்று என்னிடம் கேட்டார். பொதியில் இருந்தது குளோபிடோகிரல். முந்தைய வருடம் இதய இரத்தக்குழாயில் ஸ்ரென்ற் வைத்தபோது கொடுத்த மருந்து. முதல்நாளும் போட்டிருக்கிறார். அன்று வைத்தியர் பித்தக்கானின் வாயை வெட்டவில்லை. வெட்டாமலே ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாயை உள்ளே வைத்துப் பித்தத்தை ஓடவிட்டு, கல்லை அப்படியே விட்டுவிட்டார். ஐயா ஏழு கிழமை கழித்து இரண்டாம் முறை அதே மேசையில் படுக்க வேண்டியதாயிற்று. அந்த மருமகளில் நான் பிழை சொல்லமாட்டேன். அவரிடம் யாரும் முழுப் பட்டியலைக் கொடுக்கவில்லை.

எங்கே வெட்டுகிறார்கள்?

ஈரல் நாள்தோறும் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தத்தைச் சுரக்கிறது. அது பித்தக்கான் என்ற குழாய் வழியாக இறங்கி, இரைப்பைக்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில் ஒரு சிறு மொட்டுப் போன்ற வாயில் திறக்கிறது. கணையத்தின் குழாயும் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்த வாயைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை உண்டு. சுருக்குப் பையின் கயிறு போல அது இறுக்கியும் விட்டும் கொடுக்கும்.

ஈ.ஆர்.சி.பி. என்று வைத்தியர்கள் சொல்லும் சிகிச்சையில், மயக்க மருந்து கொடுத்து, கமரா பொருத்திய வளையும் குழாயை வாய் வழியாக முன்சிறுகுடல் வரை இறக்குவார்கள். பித்தக்கானுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்றேயில் பார்ப்பார்கள். கல் இருந்தால், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் அந்தச் சுருக்குத் தசையைச் சிறிது வெட்டி வாயை அகலமாக்கி, கூடை போன்ற கருவியாலோ பலூனாலோ கல்லை இழுத்துக் குடலுக்குள் விடுவார்கள். இப்படி வெட்டும் முறையை 1974 இல் ஜப்பானில் ஒரு குழுவும் ஜேர்மனியில் ஒரு குழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறிவித்தன. அதற்கு முன்னர் இதே கல்லுக்காக வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது.

இரத்தம் வருவது பெரும்பாலும் அந்த வெட்டிலிருந்துதான். அந்த இடத்தைச் சுற்றிச் சிறு நாடிகள் ஓடுகின்றன. வெட்டும் கம்பியே சூட்டினால் அவற்றை அடைத்தும்விடும். எல்லோரிலும் அது முழுமையாக அடைபடுவதில்லை. பித்தக்கானின் வாயை வெட்டாமல் ஸ்ரென்ற் மட்டும் வைத்தாலோ பழைய ஸ்ரென்றை மாற்றினாலோ இரத்தப்பெருக்குக்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே "ஈ.ஆர்.சி.பி. செய்யப் போகிறோம்" என்று சொன்னால், "வெட்டுவீர்களா?" என்று கேட்பது நல்ல கேள்வி.

எத்தனை பேருக்கு?

வெட்டுச் செய்யப்படும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்குக் கவனிக்க வேண்டிய அளவில் இரத்தப்பெருக்கு ஏற்படுகிறது. 1996 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 17 வைத்தியசாலைகளில் 2347 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அதில் இரத்தப்பெருக்கு 2 சதவீதம், கணைய அழற்சி 5.4 சதவீதம். அதாவது நம்மவர் அதிகம் பயப்படுவது இரத்தத்துக்கு, ஆனால் அடிக்கடி வருவது கணைய அழற்சி. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

அந்த ஆய்வில் யாருக்கு இரத்தம் அதிகம் போனது என்று பார்த்தார்கள். முன்னமே இரத்தம் உறைவதில் குறைபாடு இருந்தவர்கள், பித்தக்கானில் கிருமித்தொற்று இருந்தவர்கள், சிகிச்சை முடிந்து மூன்று நாளுக்குள் இரத்தத்தை ஐதாக்கும் மருந்தைத் தொடங்கியவர்கள், வெட்டும்போதே இரத்தம் கண்டவர்கள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் இந்த வெட்டைச் செய்யாத வைத்தியர்களின் நோயாளிகளும் இதில் அடங்குவர். அஸ்பிரின் எடுத்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேறு ஆய்வுகளில் ஈரல் இறுகல் நோய் உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று கண்டிருக்கிறார்கள்.

மஞ்சட்காமாலையும் வைற்றமின் கே-யும்

இரத்தம் உறைவதற்கு ஈரல் பல புரதங்களைச் செய்கிறது. அவற்றில் நான்குக்கு வைற்றமின் கே கட்டாயம் வேண்டும். இந்த வைற்றமின் கொழுப்பில் கரைவது. கொழுப்பைக் குடல் உறிஞ்சப் பித்தம் வேண்டும். பித்தக்கானைக் கல் அடைத்துப் பித்தம் குடலுக்கு வராவிட்டால், கீரையை எவ்வளவு சாப்பிட்டாலும் வைற்றமின் கே உடலில் சேராது. சில கிழமைகளில் இரத்தம் உறைய நேரம் எடுக்கும். இந்த வைற்றமினைக் கண்டுபிடித்த டென்மார்க் நாட்டவரான ஹென்றிக் டாம் 1943 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். உறைதல் என்பதற்கான சொல் அவருடைய மொழியில் 'கே' என்ற எழுத்தில் தொடங்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

அதனால்தான் மஞ்சட்காமாலையோடு வருபவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். எண் கூடியிருந்தால் வைற்றமின் கே ஊசி மூலம் கொடுப்பார்கள். குளிசையாகக் கொடுத்தால் பித்தம் இல்லாத குடலில் அது சரியாக உறிஞ்சப்படாது. "சிகிச்சைக்கு வந்தவரை ஊசி போட்டு ஒரு நாள் காக்க வைத்துவிட்டார்கள்" என்று கோபப்படும் உறவினரை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாள் வீணான நாள் அல்ல.

குளிசைகள்

இங்கேதான் நம் சமூகத்துக்கு உண்மையான சிக்கல் இருக்கிறது. பிரித்தானியாவில் வாழும் தெற்காசியர்களிடம் நீரிழிவும் இதயநோயும் மற்றவர்களை விட அதிகம் என்பது பல காலமாக அறியப்பட்டது. ஆகவே பித்தக்கல்லோடு வரும் நம் பெரியவர்களில் பலர் இரத்தத்தோடு தொடர்புள்ள ஏதாவது ஒரு மருந்தை எடுக்கிறார்கள். "ஐதாக்கும் குளிசை" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். அவை எதுவும் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. உறைவதைத்தான் தாமதப்படுத்துகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

பிரித்தானிய இரைப்பைக்குடலியல் சங்கமும் ஐரோப்பிய எண்டோஸ்கொபிச் சங்கமும் சேர்ந்து 2016 இல் வெளியிட்டு 2021 இல் புதுப்பித்த வழிகாட்டலின் சாரம் இது. அஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. குளோபிடோகிரலை, இதயத்துக்கு ஆபத்துக் குறைவான நிலையில் உள்ளவர்களுக்கு, வெட்டுக்கு 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். இரண்டும் எடுப்பவர் அஸ்பிரினைத் தொடர்வார். வோஃபரினை 5 நாள் முன்பு நிறுத்தி, ஐ.என்.ஆர். 1.5 இற்குக் கீழே இறங்கியதா என்று பார்ப்பார்கள். அபிக்சபான், ரிவரொக்சபான் போன்ற புதிய மருந்துகளின் கடைசிக் குளிசை குறைந்தது 3 நாளுக்கு முன்பு எடுத்ததாக இருக்க வேண்டும். டபிகட்ரான் எடுப்பவரின் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 5 நாள்.

இந்த நாள்களைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். இதை எழுதலாமா விடலாமா என்றே யோசித்தேன். ஏனென்றால், மருந்தைத் தொடர்வதை விட நிறுத்துவது ஆபத்தாக இருக்கும் நோயாளிகள் உண்டு. இதய இரத்தக்குழாயில் மருந்து பூசிய ஸ்ரென்ற் வைத்து ஆறு முதல் பன்னிரண்டு மாதம் ஆகாதவர் குளோபிடோகிரலை நிறுத்தினால் ஸ்ரென்ற் அடைபட்டு மாரடைப்பு வரலாம். உலோக இதயவால்வு உள்ளவர் வோஃபரினை நிறுத்தினால் பாரிசவாதம் வரலாம். முன்சிறுகுடலில் வரும் இரத்தப்பெருக்கைப் பெரும்பாலும் எண்டோஸ்கொபி மூலமே நிறுத்திவிட முடியும். மூளையில் அடைத்த கட்டியை அப்படி எடுக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு இதய வைத்தியரும் எண்டோஸ்கொபி வைத்தியரும் பேசி முடிவெடுப்பார்கள். சிலருக்கு இடைக்காலத்தில் ஹெப்பரின் ஊசி கொடுப்பார்கள். சிலருக்கு இப்போதைக்கு ஸ்ரென்ற் மட்டும் வைத்து, வெட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். வெட்டுக்குப் பதிலாகப் பலூனால் வாயை விரிப்பதும் உண்டு. அதில் இரத்தம் குறைவு, ஆனால் கணைய அழற்சி சற்று அதிகம்.

கடிதத்தில் "இந்தத் திகதியிலிருந்து இந்தக் குளிசையை நிறுத்தவும்" என்று எழுதியிருக்காவிட்டால், எண்டோஸ்கொபிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் எப்போது திரும்பத் தொடங்குவது என்பதையும் அதே அழைப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்திய குளிசையை மறந்து மாதக்கணக்கில் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

பட்டியல் எழுதும்போது ஜி.பி. தரும் மருந்துச் சீட்டு மட்டும் போதாது. கொழும்பிலிருந்து வந்தவர் கொண்டுவந்த நோவுக் குளிசை, கடையில் வாங்கிய ஐபுபுரோஃபென், முழங்காலுக்கு எடுக்கும் டைக்ளோஃபெனாக், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, கின்கோ, ஆயுள்வேதச் சூரணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கறியில் போடும் உள்ளியும் இஞ்சியும் மஞ்சளும் இந்தக் கணக்கில் வரா. நம் பெரியவர்கள் நாட்டு மருந்தை வெள்ளைக்கார வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஏசுவார்கள் என்று பயம். யாரும் ஏசமாட்டார்கள். நோவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பரசிற்றமோல் இரத்தத் தட்டுகளைப் பாதிப்பதில்லை, ஆனால் அதையும் கேட்டே எடுங்கள். வோஃபரின் எடுப்பவர் தன் மஞ்சள் புத்தகத்தைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு சொல். பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முன்கூட்டிக் கேட்டால் வைத்தியசாலையே தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும், அதற்குக் கட்டணம் இல்லை. சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுவது அப்பா அல்லது அம்மா. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பலர் நினைப்பது போல, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. வெட்டும்போதே தெரியும் இரத்தத்தை வைத்தியர் அங்கேயே அட்ரினலின் ஊசி போட்டோ, சுட்டோ, கிளிப் போட்டோ நிறுத்திவிடுவார். ஆனால் இரத்தப்பெருக்குகளில் ஒரு பெரும் பங்கு பல மணி நேரம் அல்லது பல நாள் கழித்தே வருகிறது. இரண்டு கிழமை வரையும் வரலாம். வெட்டிய இடத்தில் கட்டிய பொருக்குக் கழன்று விழும்போதும், நிறுத்திய குளிசை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போதும் இது நடக்கும்.

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கல் எடுத்து அடுத்த நாள் வீட்டுக்குப் போனார். ஐந்தாம் நாள் மலம் கறுப்பாகப் போனது. ஏற்கெனவே இரும்புச்சத்துக் குளிசை எடுத்தவர், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. ஆறாம் நாளும் அப்படியே. அன்றிரவு குளியலறையில் மயங்கி விழுந்தார். அம்புலன்ஸில் வந்தபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. மூன்று பை இரத்தம் ஏற்றி, மீண்டும் எண்டோஸ்கொபி செய்து, கசிந்துகொண்டிருந்த நாடிக்குக் கிளிப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். "மோனிட்ட முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இரும்புச்சத்துக் குளிசையால் கறுக்கும் மலத்துக்கும் இரத்தத்தால் கறுக்கும் மலத்துக்கும் வித்தியாசம் உண்டு. முன்னது கரும்பச்சை கலந்து வழமை போல உருவாக இருக்கும். பின்னது தார் போலப் பளபளப்பாக, ஒட்டும் தன்மையோடு, வழமையில்லாத கெட்ட நாற்றத்தோடு இருக்கும். குடலில் சமிபாடடைந்த இரத்தம் அப்படித்தான் மாறுகிறது. ஐம்பது முதல் நூறு மில்லி லீற்றர் இரத்தமே மலத்தை இப்படிக் கறுப்பாக்கப் போதும். சந்தேகம் இருந்தால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் கேட்டுவிடுங்கள்.

கறுத்த அல்லது சிவந்த மலம், இரத்த வாந்தி, கோப்பித்தூள் போன்ற வாந்தி, எழும்பும்போது தலைச்சுற்று, குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். இரத்த வாந்தியோ மயக்கமோ வந்தாலும், மலம் தார் போலப் போனாலும் உடனே 999. மற்றவற்றுக்கு வைத்தியசாலை தந்த இலக்கத்துக்கு அழையுங்கள், அங்கே யாரும் கிடைக்காவிட்டால் 111. இதயத்துக்காக பீட்டா புளொக்கர் எடுப்பவருக்கு இரத்தம் போனாலும் நாடித்துடிப்பு வேகமாகாமல் இருக்கலாம், அதை நம்பி இருக்காதீர்கள். காய்ச்சலும் நடுக்கமும் கடும் வயிற்றுநோவும் வேறு சிக்கல்களின் அறிகுறிகள், அவற்றுக்கும் உடனே போக வேண்டும்.

வாசகர்கள் கேட்டவை

"கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இதைச் செய்வார்களா?" இப்போது அநேகமாக இல்லை. பார்ப்பதற்கு எம்.ஆர். ஸ்கானும் எண்டோஸ்கொபி வழி ஸ்கானும் இருக்கின்றன. அவற்றில் வெட்டு இல்லை. ஈ.ஆர்.சி.பி. இன்று சிகிச்சைக்கானது.

"இரத்தம் போனால் திரும்ப வயிற்றை வெட்ட வேண்டுமா?" மிக அரிதாக. பெரும்பாலும் எண்டோஸ்கொபி மூலமே நின்றுவிடும். நிற்காவிட்டால் உலோக ஸ்ரென்ற் ஒன்றை உள்ளே வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் எக்ஸ்றே வைத்தியர் தொடை வழியாக நாடிக்குள் சென்று அதை அடைப்பார். இவையெல்லாம் கடந்துதான் சத்திரசிகிச்சை.

"அப்பாவுக்கு அடுத்த மாதம் ஈ.ஆர்.சி.பி. அது முடிந்து நான்காம் நாள் யாழ்ப்பாணம் போக ரிக்கெற் போட்டிருக்கிறோம். கோயில் திருவிழா. போகலாமா?" பின்னால் வரும் இரத்தப்பெருக்கு இரண்டு கிழமைக்குள் வரக்கூடியது என்று மேலே சொன்னேன். பத்து மணி நேர விமானப் பயணத்தில் அது வந்தால் செய்ய ஒன்றுமில்லை. பயணக் காப்புறுதிக்காரரிடம் இந்தச் சிகிச்சையைச் சொல்லாவிட்டால் செலவும் உங்கள் தலையில்தான். வைத்தியரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்டால், சிகிச்சையைத் தள்ளாமல் ரிக்கெற்றை மாற்றுங்கள். அடைத்த கல்லோடு கிருமித்தொற்று வந்தால் அது இரத்தப்பெருக்கை விடப் பொல்லாதது. திருவிழா அடுத்த வருடமும் வரும்.